மரக்கலச் சொற்களும் மக்கள் வழக்கும்: கொழும்புத் தமிழை முன்வைத்துச் சில அவதானங்கள்

1

சொற்களின் பொருள் மாறுவதை அகராதிக்கலையின் உட்பிரச்சினையாக மட்டும் நோக்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. ஒரு சொல்லின் பொருள் விரிந்தது, சுருங்கியது, உயர்ந்தது, இழிந்தது எனப் பாகுபாடு செய்து காட்டுவதோடு ஆய்வு முடிந்துவிடுகின்றது. விரிந்தது யாருடைய வாயில், இழிந்தது எந்தச் சமூகவுறவுகளின் விளைவாக என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. மொழி என்பது மனிதரின் நடைமுறைச் சார்ந்த உணர்வே என்று மார்க்ஸும் எங்கெல்சும் கொண்டனர். 1929ஆம் ஆண்டு வொலோஷினோவின் பெயரில் வெளிவந்த மொழித்தத்துவ நூல், ஒரே குறியீட்டைப் பல வர்க்கங்கள் கையாளுவதால் அக்குறியீடே வர்க்கப் போராட்டத்தின் களமாகின்றது என்று வாதிட்டது. இந்நோக்கினைத் தமிழ்ச் சொல்வரலாற்றிற் பொருத்திப் பார்க்கும் முயற்சிகள் இன்னும் போதியளவு நிகழவில்லை.

இக்கட்டுரையில் மரக்கலத்தையும் அதன் உறுப்புகளையும் அதை ஓட்டியோரையும் குறித்த சொற்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவை தரைக்கு வந்து அன்றாட வழக்கிற் பெற்ற பொருள்களை நோக்குவாம். கொழும்பை முன்வைப்பதற்குக் காரணம் உண்டு. இந்நகரிலே தமிழ்மொழி கடலோடு இருவேறு உறவுகளைக் கொண்டுள்ளது. வடக்கே கொட்டாஞ்சேனையும் கொச்சிக்கடையும் துறைமுகத்தை ஒட்டியவை. தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த வணிகரும் தொழிலாளரும் மீனவரும் வாழ்ந்த பகுதிகள். தெற்கே வெள்ளவத்தை, அரச உத்தியோகத்தையும் உயர்தொழில்களையும் நாடி வடபுலத்திலிருந்து வந்த மத்தியதர வர்க்கத்தினர் செறிந்த பகுதி. அங்கே கடலுக்கும் வீடுகளுக்குமிடையே புகையிரதப் பாதை ஓடுகின்றது. கடல் பார்ப்பதற்குரியதேயன்றித் தொழிலுக்குரியதன்று. இவ்விரு கொழும்புகளுக்கும் பொதுவாயுள்ள தமிழிலே கப்பற் சொற்கள் எவ்வாறு வழங்குகின்றன என்பதே நமது வினா.

2

தமிழிலுள்ள பழைய கப்பற் சொற்களுட் பல தொடக்கத்திலேயே தரைக்கும் நீருக்கும் பொதுவானவை. ‘கலம்’ என்பது மரக்கலத்தை மட்டுமன்றி உண்கலத்தையும் அணிகலத்தையும் நெல் அளக்கும் அளவையையும் குறித்தது. பொருளைக் கொள்ளுவதெல்லாம் கலம். ஆங்கிலத்திலும் பானைக்கும் கப்பலுக்கும் ஒரே சொல் வழங்குதலை இங்கு ஒப்பிட்டு நோக்கலாம். ‘பாய்’ என்பது காற்றைப் பிடிப்பதும் ஆகும், உழைத்தவன் உடலைச் சாய்ப்பதும் ஆகும். நார்களையும் ஓலைகளையும் முடையும் தொழில்நுட்பம் ஒன்றாயிருந்த சமூகத்தில் இரண்டிற்கும் வெவ்வேறு பெயர் தேவைப்படவில்லை.

புறநானூற்றின் 30ஆம் பாட்டிலே ஆற்றுமுகத்துட் புகும் பெருங்கலமொன்று பேசப்படுகின்றது. அங்குப் பாய்மரத்தைக் குறிக்கும் சொல் ‘கூம்பு’. நுனி ஒடுங்கிய வடிவமும் மலர் குவிதலும் அச்சொல்லின் பிற பொருள்கள். இன்று கூம்பு என்றால் கொழும்பு மாணவன் கேத்திரகணிதப் பாடத்து உருவமொன்றையே நினைப்பான், கப்பலை நினையான். ஆயினும் சிங்களத்திலே பாய்மரத்துக்கு வழங்கும் ‘கும்ப கஸ’ என்னும் பெயரின் முற்பகுதியை இதனோடு ஒப்பிட்டு ஆராய இடமுண்டு.

நீர்த்துறையைக் குறித்த ‘துறை’ அடைந்த பயணம் இவை எல்லாவற்றிலும் நீண்டது. குளிப்பதற்கும் கலம் ஒதுங்குவதற்கும் உரிய இறங்குமிடம், பின் இலக்கணத்திலே அகத்திணை புறத்திணைகளின் உட்பகுப்பாயிற்று. கற்றுத் தேர்தல் ‘துறைபோதல்’ எனப்பட்டது. நவீன காலத்தில் அரச நிருவாகத்தின் பிரிவும் பல்கலைக்கழகத்தின் பிரிவும் துறையாயின. தமிழ்த்துறைகளிலே பணிபுரிவோர், தம் அலுவலகப் பெயர்ப்பலகையிலுள்ள சொல்லும் கொழும்புத் துறைமுகத்தின் சொல்லும் ஒன்றே என்பதை எண்ணிப் பார்ப்பது அரிது. உழைப்பின் இடத்தைக் குறித்த சொல் அறிவின் இடத்தைக் குறிக்க வந்தபோது, இரண்டிற்குமிடையே இருந்த தொடர்பு மறைக்கப்பட்டுவிட்டது.

‘துடுப்பு’ வேறொரு வழியிற் சென்றது. தோணி தள்ளும் துடுப்பும் கூழும் களியும் கிண்டும் துடுப்பும் வடிவாலும் செயலாலும் ஒன்று. மீனவன் கையிலும் அவன் மனைவி கையிலும் ஒரே பெயருடைய கருவி இருந்தது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளும் வானொலியும் கிரிக்கெற் ஆட்டத்தை விவரித்தபோது, பந்தை அடிக்கும் மட்டைக்கு இச்சொல்லையே கொண்டன; ‘துடுப்பாட்டம்’, ‘துடுப்பாட்ட வீரர்’ என்னும் தொடர்கள் உருவாயின. தமிழ்நாட்டில் மட்டை எனப்படுவது இங்கே துடுப்பு. கடற்றொழிலின் கருவிப்பெயர் கல்லூரி மைதானத்துக்கு ஏறிய கதை இது. ஆயின் சொல் ஏறியதேயன்றித் தொழிலாளி ஏறவில்லை.

இவ்வாறே ‘கப்பி’ பாய் ஏற்றும் கயிற்றுக்கும் கிணற்றுக் கயிற்றுக்கும் பொது. ‘தட்டு’ என்னுஞ் சொல் மேலும் கவனிக்கற்பாலது. கப்பலின் அடுக்குகளையும் சமூகத்தின் அடுக்குகளையும் அது குறிக்கின்றது. ‘மேல்தட்டு’ என்பது இன்று வசதிபடைத்த வர்க்கம். ஆனால் நீராவிக் கப்பல்களிலே திறந்த மேற்றட்டில் வெயிலிலும் மழையிலும் மூட்டையோடு மூட்டையாகக் கிடந்தவர்கள் மிகக் குறைந்த கட்டணம் செலுத்திய ஏழைகளேயாவர். சமூகத்தின் கீழ்த்தட்டே கப்பலின் மேற்றட்டிற் பயணஞ் செய்தது.

கப்பலின் அடிமரமான ‘ஏரா’ போன்ற சொற்கள் கரை ஏறவே இல்லை. 1950ஆம் ஆண்டு சென்னையில் அச்சான ‘கப்பல் சாத்திரம்’ போன்ற ஏட்டு நூல்களிலும் தச்சர் வாயிலுமே அவை நின்றுவிட்டன. கட்டும் தொழிலின் நுட்பச்சொற்கள் கட்டுவோரிடமே தங்கின. கையாளும் கருவிகளின் பெயர்களே பொதுவழக்கை அடைந்தன என இதுவரை கூறியவற்றைத் தொகுக்கலாம்.

3

கருவிப் பெயர்களிலிருந்து கப்பலை ஆண்டோரின் பெயர்களுக்கு வருவோமாயின் வரலாற்றின் போக்கு மேலும் தெளிவாகின்றது. அகநானூற்றின் 255ஆம் பாட்டிலே கலஞ் செலுத்துவோன் ‘நீகான்’ எனப்படுகின்றான். பிற்காலத்தில் ‘மீகாமன்’ என்னும் வடிவம் நிலைபெற்றது. இந்து சமுத்திர வணிகத்திலே அரபு, பாரசீக, தமிழ் முஸ்லிம் கடலோடிகளின் பங்கு பெருகியபோது புதிய சொற்கள் நுழைந்தன. நங்கூரம் பாரசீகத்து ‘லங்கர்’, சுக்கான் அரபுச்சொல், மாலுமி அரபு ‘முஅல்லிம்’. இச்சொற்கள் படையெடுப்பால் வந்தவையல்ல. ஒரே கப்பலிற் பல மொழியினர் கூடி உழைத்ததால் வந்தவை. சிங்களத்திலும் நங்கூரமும் சுக்கானும் ஏறத்தாழ இதே வடிவில் வழங்குகின்றன. மோட்டார் வாகனத்தின் திருப்புவளையத்துக்குச் சிங்களத்தில் ‘சுக்கானம’ என்பதே பெயர். கொழும்பு வீதிகளிலே ஓடும் ஒவ்வொரு பேருந்திலும் அரபுக் கடலோடியின் சொல்லொன்று சுழன்றுகொண்டிருக்கின்றது.

முஅல்லிம் என்பதன் நேர்ப்பொருள் கற்பிப்பவன். இலங்கை முஸ்லிம்களிடையே மதக்கல்வி புகட்டும் ஆசிரியரை இச்சொல் இன்றும் குறிக்கின்றது. விண்மீன் நிலையும் கடலின் ஆழமும் காற்றின் பருவமும் அறிந்து கலத்துக்கு வழிகாட்டியவனே பழைய முஅல்லிம். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் பாசல் எழுதிய ‘அயினி அக்பரி’ கப்பற் பணியாளரை வகைப்படுத்தும்போது, அவனுக்கு வானியலறிவும் ஆழமறியும் திறனும் வேண்டுமெனக் கூறுகின்றது. ஆயின் இன்றைய தமிழில் மாலுமி என்பவன் யார்? கப்பலில் வேலைசெய்யும் எவனும் மாலுமியே. அறிவும் அதிகாரமும் உடைய ஒருவனைக் குறித்த சொல், கட்டளைக்குக் கீழ்ப்படியும் பலரைக் குறிக்க வந்துவிட்டது.

‘தண்டையல்’ என்னும் சொல்லுக்கு நேர்ந்ததும் இத்தகையதே. வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல்களிலே தண்டையலே தலைவன். காற்றையும் கணக்கையும் ஆட்களையும் அவனே பொறுப்பேற்றான். இதே சொல்லின் இன்னொரு வடிவம் பிரித்தானியக் கப்பல்களிலே ‘டிண்டல்’ ஆயிற்று. அங்கே அவன் ஐரோப்பிய அதிகாரிகளுக்கும் ‘சேராங்’ எனப்பட்ட மேலாளுக்கும் கீழே, ஐரோப்பிய மாலுமியினும் மிகக் குறைந்த கூலி பெற்ற ஆசியக் கப்பற்றொழிலாளரை வேலைவாங்கும் சிற்றதிகாரி. சொந்தக் கப்பலின் தலைவன் அந்நியக் கப்பலின் கங்காணியாயினான். சொல்லின் இழிவு, உடைமையின் இழப்பைத் தொடர்ந்து வந்தது.

இவ்விழப்பு திறமைக் குறைவால் நேர்ந்ததன்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை 1930களில் வில்லியம் ரொபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கினார். அது 1938ஆம் ஆண்டு மசசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. சமுத்திரங்களைக் கடக்கவல்ல கலங்களைக் கட்டவும் ஓட்டவும் தெரிந்த ஒரு சமூகத்தின் கையிலிருந்து கடல்வணிகம் நழுவியதற்குக் காரணங்கள் வேறு. 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1875இல் தொடங்கிய கொழும்பின் தென்மேற்கு அலைதடுப்பணை 1885இல் நிறைவெய்தியது. தோட்டப்பயிர்ப் பொருளாதாரத்தின் வாயிலாகக் கொழும்பு மாறியது. நிலக்கரி ஏற்றும் நீராவிக் கப்பல்களின் காலம் மூலதனத்தின் காலமாயிற்று. அம்மூலதனம் லண்டனில் இருந்தது.

அதை எதிர்த்து எழுந்த முயற்சியையும் இங்கு மறத்தலாகாது. 1906ஆம் ஆண்டு வ. உ. சிதம்பரம்பிள்ளை தூத்துக்குடியில் நிறுவிய சுதேசி நாவாய்ச் சங்கம், தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே ‘காலியா’, ‘லாவோ’ என்னும் கப்பல்களை ஓட்டியது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பற் கம்பனி கட்டணத்தைக் குறைத்து அதனை நசுக்க முயன்றது. 1908இல் சிதம்பரம்பிள்ளை சிறைப்பட்டபின் சங்கம் நிலைக்கவில்லை. அவருக்கு மக்கள் வழங்கிய பட்டம் ‘கப்பலோட்டிய தமிழன்’ என்பதாகும். கப்பலோட்டுதல் ஒருவனுக்குச் சிறப்புப்பெயராக அமைய வேண்டுமாயின், அது அச்சமூகத்திற்கு இயல்பான தொழிலாக இல்லாது போயிருத்தல் வேண்டும். பட்டத்திலே பெருமிதமும் உண்டு, இழப்பும் உண்டு.

4

கப்பலை ஆளாது, கப்பலிற் சரக்காகவும் பயணியாகவும் ஏற்றப்பட்ட மக்களின் அனுபவத்திலிருந்து தோன்றிய வழக்குகள் மூன்றாம் வகையின. ‘சரக்கு’ முதலில் வணிகனின் சொல். அறிவுடையானைச் ‘சரக்குள்ளவன்’ என்னும் பேச்சுவழக்கிலே மனிதனின் ஆற்றலும் விலைமதிப்புள்ள பண்டமாகக் கருதப்படுகின்றது. கன்னத்திற் கைவைத்திருப்பவனைப் பார்த்துக் கப்பல் கவிழ்ந்ததா என்று கேட்பதும் வணிகன் வீட்டிற் பிறந்த கேள்வியே. கப்பல் இல்லாதவனையும் அது கேட்கின்றது என்பதிலேதான் அதன் கேலி இருக்கின்றது.

‘மானம் கப்பலேறுதல்’ என்னும் தொடர் வேறு தரத்தது. தன் அவமானம் ஊரெல்லை தாண்டிப் பரவுதலை அது குறிக்கும். ஊரிலே இருந்தவரை ஒருவனுக்கு இருந்த மதிப்பு, கப்பலேறியதும் மீளாது போகும் என்னும் அச்சம் அதன் அடியில் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இலங்கைக்கும் மலாயாவுக்கும் மொரிசியஸுக்கும் நாத்தாலுக்கும் ஏற்றிச் செல்லப்பட்ட இலட்சக்கணக்கான தமிழ்த் தொழிலாளரின் பின்னணியில் இத்தொடரை வைத்து நோக்கினால் அதன் கனம் விளங்கும்.

இதற்கு எதிரிடையானது ‘கரைசேர்தல்’. வெள்ளவத்தை மத்தியதரக் குடும்பங்களிலே பெண்மக்களைக் கரைசேர்த்தல் என்றால் சீதனங் கொடுத்து மணமுடித்து வைத்தல். பரீட்சையிற் கரைசேர்தல் என்றால் உத்தியோகத்துக்குத் தகுதிபெறுதல். கடலோடு தொழிலுறவு அற்ற வர்க்கமொன்று தன் வாழ்வு முழுவதையும் கடற்பயணமாகவே பேசிக்கொண்டிருப்பது தற்செயலன்று. மாதச் சம்பளத்தையும் இடமாற்றத்தையும் அரசின் மொழிக்கொள்கையையும் நம்பி வாழும் வாழ்க்கையின் நிலையாமையை உணர்த்த இதைவிடப் பொருத்தமான சொல் அவ்வர்க்கத்திற்குக் கிடைக்கவில்லை.

அச்சொல் உவமையாகவே நின்றுவிடவில்லை என்பதே இந்நகரத்தின் துயரம். 1958ஆம் ஆண்டு இனக்கலவரத்தின்போதும் 1983ஆம் ஆண்டு யூலையிலும், வீடிழந்து அகதி முகாம்களில் தங்கிய கொழும்புத் தமிழர் துறைமுகத்திலிருந்து கப்பல்களில் ஏற்றி வடக்கே அனுப்பப்பட்டனர். தலைநகரில் வாழும் உரிமையுடைய குடிமக்களைப் பாதுகாக்க இயலாத அரசு, அவர்களுக்குக் கப்பல் கொடுத்தது. ‘கப்பலேறுதல்’ அன்று பழமொழியன்று. ‘கரைசேர்தல்’ காங்கேசன்துறையில் உயிரோடு இறங்குதல். சொல்லின் பொருள் மீண்டும் நேர்ப்பொருளாகியது. முன்னேற்றத்தின் படிமமாக வழங்கியது உயிர்தப்புதலின் பெயராயிற்று.

5

இறுதியாக நாம் எடுத்துக்கொள்வது கலத்தின் பெயர் மனிதரின் பெயராக மாறிய வழக்குகளை. இங்கேதான் சொல்வரலாறு அரசியலோடு நேரடியாக மோதுகின்றது.

தமிழ் ‘மரக்கலம்’ சிங்களத்திலே ‘மரக்கல’ என வழங்குகின்றது. அங்கு அது கப்பலையன்றி முஸ்லிம் மக்களையே குறித்தது. கலத்தில் வந்தவர் என்பது கலமாகவே சுருங்கியது. அவர்களுக்குச் சிங்களத்தில் வழங்கிய மற்றொரு பெயரான ‘ஹம்ப’ என்பதும் சம்பான் என்னும் படகுப் பெயரின் திரிபு என்பர். அச்சொல் தமிழில் ‘சம்மான்’ ஆகும். கிழக்கிலங்கையின் சம்மாந்துறையும் தெற்கிலுள்ள அம்பாந்தோட்டையும் அப்படகு ஒதுங்கிய இடங்களாக விளக்கப்படுகின்றன. கொழும்புப் புறக்கோட்டையில் 1909இல் நிறைவெய்திய செந்நிறப் பள்ளிவாசலை மக்கள் ‘சம்மாங்கோட்டுப் பள்ளி’ என்றே அழைப்பர். ஊர்ப்பெயரில் பெருமையாக நிற்கும் சொல், மனிதர்மீது ஏற்றப்படும்போது இழிவாகின்றது. 1915ஆம் ஆண்டு முஸ்லிம்களுக்கெதிராக நிகழ்ந்த வன்முறைக்குச் சிங்களத்தில் ‘மரக்கல கோலாஹலய’ என்று பெயர். கடைகள் கொளுத்தப்பட்டபோது முன்வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளுள் ஒன்று அப்பெயரிலேயே அடங்கியிருந்தது: நீங்கள் கப்பலில் வந்தவர்கள்.

இவ்வழக்கம் ஒரு மொழியினருக்கு மட்டும் உரியதன்று. நமது ‘கட்டுமரம்’ ஆங்கிலத்துள் நுழைந்த வரலாற்றை நோக்குக. 1697இல் வெளியான தம்பியரின் பயண நூலிலே அது சோழமண்டலக் கரையின் எளிய மிதவை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அதுவே சண்டைக்காரப் பெண்ணை ஏசும் சொல்லுமாயிற்று. இன்று அது செல்வந்தரின் உல்லாச இரட்டைப்படகு. மரத்தைக் கட்டி அலையோடு போராடிய மீனவனை இவ்விரு பொருளிலும் காணோம்.

தமிழிலே தோன்றிச் சிங்களத்துக்கும் சென்ற ‘கள்ளத்தோணி’ இவை எல்லாவற்றிலும் கொடியது. தோணி பாக்குநீரிணையின் மிகச் சாதாரண ஊர்தி. தூத்துக்குடியிலிருந்தும் வல்வெட்டித்துறையிலிருந்தும் அரிசி, ஓடு, புகையிலை, கருவாடு ஏற்றிய தோணிகள் நூற்றாண்டுகளாக இரு கரைகளையும் இணைத்தன. தோணிக்குக் ‘கள்ள’ என்னும் அடை அரசினால் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் அதே ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் அந்நீரிணையை எல்லையாக்கின. 1952 தொடக்கம் இராணுவமும் ‘கள்ளக் குடியேறிகளைத்’ தடுக்கும் பணியில் ஈடுபடுத்தப்பட்டது. முதலிற் படகைக் குறித்த தொடர், பின் அதில் வந்தவனைக் குறித்தது. அதன்பின் வராதவனையும் குறித்தது. மலையகத் தொழிலாளர் அனைவர்மீதும், கொட்டாஞ்சேனையின் சுமைதூக்குவோர்மீதும் சிற்றுண்டிச்சாலைத் தொழிலாளர்மீதும் அது வீசப்பட்டது.

உண்மை வரலாறு இதற்கு நேர்மாறானது. தோட்டத் தொழிலாளரின் மூதாதையர் கள்ளமாக வந்தவரல்லர். கங்காணிமார் மூலம் திரட்டப்பட்டும், பின்னாளில் தோட்டத்துரைமார் திருச்சிராப்பள்ளியில் அமைத்த இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தின் வழியாகப் பதிவுசெய்யப்பட்டும், மண்டபம் முகாமில் தடுத்துவைத்துப் பரிசோதிக்கப்பட்டும், ஆட்சியாளரின் முழு அனுமதியோடு கொண்டுவரப்பட்டவர்கள். அரசே ஏற்றிவந்தவர்களை அரசே கள்ளர் என்றது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. தலைமன்னாரிலே கப்பலேற்றப்பட்டவர்களிற் பலர் தாம் அனுப்பப்பட்ட கரையை அதற்குமுன் கண்டதில்லை.

இச்சொல் தொழிலாளி வர்க்கத்தைப் பிளக்கும் கருவியாகவும் பயன்பட்டது. 1927ஆம் ஆண்டு ஏ. ஈ. குணசிங்க தலைமையில் நடந்த கொழும்புத் துறைமுக வேலைநிறுத்தத்திலே சிங்களவரும் தமிழரும் மலையாளிகளும் ஒருங்கு நின்றனர். பொருளாதார நெருக்கடி முற்றிய 1930களில் அதே குணசிங்க மலையாளத் தொழிலாளருக்கெதிரான பிரசாரத்தில் இறங்கினார். 1939இல் நாட்கூலி பெற்ற இந்தியத் தொழிலாளர் அரச திணைக்களங்களிலிருந்து நீக்கப்பட்டனர். இதற்கிடையே 1933இல் வெள்ளவத்தை நெசவாலை வேலைநிறுத்தத்தை இடதுசாரி இளைஞர் வழிநடத்தியபோது வேறொரு பாதையும் இருந்தமை வெளிப்பட்டது. வர்க்க ஒற்றுமை தளர்ந்த இடத்திலேதான் ‘எப்படி வந்தாய்’ என்னும் கேள்வி ‘என்ன கூலி’ என்னும் கேள்வியை விழுங்கியது.

வடபுலத்து மத்தியதர வர்க்கத்தினரும் இவ்வழக்கில் முற்றும் குற்றமற்றவரல்லர். ‘கள்ளத்தோணி’ தமிழ்த்தொடர், அதனைத் தமிழரும் தமிழர்மீது ஏவினர். 1948இலும் 1949இலும் பிரசாவுரிமைச் சட்டங்கள் நிறைவேறியபோது அவற்றை ஆதரித்த தமிழ்ப் பிரதிநிதிகளும் பாராளுமன்றத்தில் இருந்தனர். பிற்காலத்தில் வெள்ளவத்தை வீடுகளிலும் விடுதிகளிலும் பொலிசார் அடையாள அட்டை கேட்டுக் கதவைத் தட்டியபோது, எங்கிருந்து வந்தாய், ஏன் வந்தாய் என்னும் அதே கேள்விக்கு அவர்களும் விடைகூற வேண்டியதாயிற்று. நாடற்றோர் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பெருமளவு தீர்வு கண்டது. சட்டப்புத்தகம் திருந்தியது, வழக்குச்சொல் திருந்துவதற்கு அதுமட்டும் போதாது.

6

மேலே கண்டவற்றிலிருந்து மூன்று முடிபுகளைப் பெறலாம். தொழிற்கருவிகளின் பெயர்கள் தரைக்கு வந்தபோது பெரும்பாலும் தம் மதிப்பைக் காத்துக்கொண்டன. துடுப்பும் கப்பியும் பாயும் சான்று. கப்பலுடைமை கைமாறியபோது ஆட்சிச்சொற்கள் தரமிழந்தன. மாலுமியும் தண்டையலும் சான்று. கலத்தின் பெயரே மனிதன்மீது ஒட்டப்பட்டபோது அது குடியுரிமையை மறுக்கும் ஆயுதமாயிற்று. மரக்கலவும் கள்ளத்தோணியும் சான்று. ஒரே கப்பலின் சொற்கள் வெவ்வேறு விதி பெற்றமைக்குக் காரணம் சொற்களின் இயல்பிலன்று, உடைமையுறவுகளிலேயே உளது.

1958இல் துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டதும், 1980களிற் கொள்கலன் முனையங்கள் எழுந்ததும் துறைமுகத் தொழிலின் தன்மையை அடியோடு மாற்றின. சுமையைத் தோளிலும் வத்தையிலும் ஏற்றி இறக்கியோரின் தலைமுறை மறைந்து வருகின்றது. பாய்க்கப்பல் ஓட்டியவர்களிலும் எஞ்சியிருப்போர் மிகச் சிலர். அவர்களோடு ஏராவும் தண்டையலும் அவற்றின் நூற்றுக்கணக்கான தோழமைச் சொற்களும் மறையும். இவற்றைத் திரட்டுவதை வெறும் பழம்பொருட் பற்றாகக் கருதலாகாது. அரபியனும் பாரசீகனும் தமிழனும் சிங்களவனும் ஒரே கயிற்றை இழுத்த வரலாற்றுக்கு நங்கூரமும் சுக்கானும் மறுக்கவியலாச் சாட்சிகள். கடலால் வந்தவனை அந்நியன் எனப் பழிக்கும் பேரினவாதத்துக்கு எதிராக இச்சாட்சியத்தை முன்வைப்பது ஆய்வாளரின் கடமையாகும். கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் வல்வெட்டித்துறையிலும் அதற்கான களவாய்வுகளைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் காலந் தாழ்த்தாது மேற்கொள்ளுதல் வேண்டும்.